பாதை மூடும் நேரம்

கரையில் நட்ட பலகை
இன்றைய கணக்கை எழுதி வைத்திருந்தது:
பிற்பகல் இரண்டு முப்பத்தைந்துக்குப் பாதை மூடும்,
மாலை ஏழு நாற்பதுக்குத் திறக்கும்.
பக்கத்தில் ஒரு புகைப்படம்,
கூரை மட்டும் தெரிய நீரில் நின்ற வெள்ளைக் கார்.

லிண்டிஸ்ஃபார்ன்.
நியூகாஸிலிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்.
அலுவலகச் சுற்றுலா என்று சொல்லிவிட்டுத்
தனியே வந்தேன். பொய்தான்.
பத்தொன்பது வருடத்தில் முதல் பொய் என்று எழுதினால்
அது இரண்டாவது பொய்.

எல்லோரும் பார்ப்பதைப் பார்த்தேன்.
இடிந்த மடத்தின் ஒற்றை வளைவு
மேலே சுமக்க எதுவுமில்லாமல்
சுமந்த பழக்கத்தில் இன்னும் வளைந்தே நிற்கிறது.
கவிழ்த்த படகுகளுக்குக் கதவு வைத்துக்
கொட்டகை ஆக்கியிருக்கிறார்கள்.
நண்டு சான்ட்விச் ஒன்பது பவுண்ட்.
தேன் மது ஒரு மிடறு இலவசம்;
கார் ஓட்ட வேண்டுமே என்று வேண்டாமென்றேன்.
பேருந்து பேருந்தாக இறங்கியவர்கள்
ஒருவர் முதுகை ஒருவர் படமெடுத்தார்கள்.

வழிகாட்டிப் பெண் சொன்னாள்:
இந்தத் தீவிலேயே இரைச்சல் அதிகமென்று
துறவி ஒருவர், அதோ,
அந்தச் சின்னத் திட்டுக்குப் போய்விட்டாராம்.
கூப்பிட்டால் கேட்கும் தூரம்.
அங்கேயும் கூப்பிட்டார்களாம்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் கைபேசியைப் பார்த்தேன்.

கறிவேப்பிலை எந்த டப்பாவில்?
மிதுஷாவின் நீச்சலுடுப்பு காயவில்லை, என்ன செய்ய?
எத்தனை மணிக்கு வருவாய்?

ரூபகாந்தன் நல்ல மனுசன்.
இதையும் எழுதிவிட வேண்டும்.

இரண்டு இருபத்தெட்டு. பாதையின் தீவுப்பக்க முனை.
தார்ச்சாலை இன்னும் கருப்பாகத்தான் இருந்தது.
இருபுறமும் ஓதம்
அலையில்லாமல், ஓசையில்லாமல்,
பாய் விரிப்பதுபோல் மணலை மூடிக்கொண்டு வந்தது.
ஏழு நிமிடம் மிச்சம்.
கடந்திருக்கலாம். அதில் சந்தேகமே இல்லை.
பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.
கையைக் காட்டிவிட்டு ஓரம் ஒதுங்கினேன்.
அவன் போனான். ஒரு வேன் போனது.
நாய் தலை நீட்டிய சிவப்புக் கார் போனது.
பிறகு
சாலையின் நடுக்கோட்டை ஒரு விரல் நீர் தொட்டது,
பின்வாங்கியது,
மறுபடி தொட்டது.

எஞ்சினை அணைத்தேன்.

'கடல் பாதையை மூடிவிட்டது.
இரவுதான் வர முடியும்' என்று அனுப்பினேன்.
ஒரு சொல்லும் பொய்யில்லை.

பேருந்துகள் போனதும்
விருந்தாளி போன வீடுபோலத்
தீவு காலை நீட்டிக்கொண்டது.
கடைக்காரி நாற்காலிகளை உள்ளே இழுத்தாள்.
மணல்திட்டில் கடல்நாய்களின் குரல்,
ஊளையுமில்லை, பாட்டுமில்லை.
வலைக்கூடை சுமந்து வந்தவர் நின்று,
'மாட்டிக்கொண்டீர்களா?' என்றார்.
ஆமென்றேன்.
நனையாத என் காலணியைப் பார்த்தார்,
கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்திய காரைப் பார்த்தார்.
'நிறையப் பேர் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்' என்றார்.

நெய்தலுக்கு உரியது இரங்கல் என்று
பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன்.
கரையில் ஒருத்தி. கடலில் அவன். பொழுது சாயும்.
இங்கே கரையில் நான்,
கடலில் யாருமில்லை.
யார் வரவையும் பாராமல் ஒருத்தி
பொழுது சாய்வதை மட்டும் பார்த்தால்
அதற்கு என்ன பெயர்?
தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை.
பசித்தது. பையில் ஓர் ஆப்பிள்.
பாதியை வெட்டி எவருக்கும் எடுத்து வைக்காமல்
விதைவரை தின்றேன்.

ஏழு நாற்பதுக்குப் பாதை திறந்தது.
பாசி ஒட்டிய ஈரச் சாலை,
கம்பங்களின் இடுப்பில் நீர்க்கோடு.
எதிர்க்கரையில் காத்திருந்த கார்கள்
விளக்குகளோடு வரத் தொடங்கின.
ஏழு ஐம்பத்திரண்டுக்கு நான் வண்டியை எடுத்தேன்.

ஐந்து மணி நேரத்துக்குக் கடல் பொறுப்பு.
அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு
அதன்மேல் பழி போட மாட்டேன்.